ஈர விரலால் வைத்த புள்ளிகள்

சென்ற மாதம் எங்கள் கல்வி வலயத்து ஆசிரியர் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மதுஷா கேட்டாள். நான் ஓய்வு பெற்றபின் என் கதிரையில் இருப்பவள் அவள்தான். இரசாயனவியலுக்கான சேவைக்கால ஆலோசகர். பாடசாலைகளுக்குப் போய் வகுப்புகளைப் பார்ப்பது, ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு வைப்பது, வலயப் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிப்பது, இவைதான் அந்த வேலை. தன் டெப்லெட்டைத் திறந்து ஒன்றைக் காட்டினாள். பிள்ளைகள் இனி இலத்திரன் புள்ளி வரைபடத்தைக் கையால் கீற வேண்டியதில்லையாம். அணுக்கள் திரையில் நிற்கும். புள்ளியை விரலால் இழுத்து விட்டால் அது போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு புள்ளி கூடினால் திரை சிவக்கும்.

"பிழை விடவே ஏலா மிஸ்," என்றாள். "நீங்க முந்தி இதை எப்பிடிப் படிப்பிச்சீங்க எண்டு எழுதித் தாங்க. புதுசா வாற ஆக்களுக்குப் பிரயோசனமா இரிக்கும்."

எழுத உட்கார்ந்தால் படிப்பித்த விதம் எதுவும் வரவில்லை. ஒரே ஒரு விடயம்தான் வந்தது. சஞ்சிகைக்கு அது பொருந்துமா தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எழுதலாம் என்று சொன்னதால் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

பட்டப்படிப்பு, பயிற்சி, கதிரவெளியில் முதல் நியமனம் என்று என் ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆய்வுகூடம் என்று ஓர் அலுமாரி இருந்தது. அதன் சாவியும் தொலைந்திருந்தது. இரண்டு பஸ் மாறிப் போய் வருவேன். சண்டையால் பாதை மூடிய நாட்களில் போகமாட்டேன். என்னை ஓர் ஆசிரியையாக்கியவர் என்றால் அப்போது எங்கள் பாட ஆலோசகராக இருந்த நல்லரெத்தினம் சேர்.

புள்ளி வரைபடம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓர் அணுவின் வெளி ஓட்டில் இருக்கும் இலத்திரன்களை அதன் குறியீட்டைச் சுற்றிப் புள்ளிகளாக வைப்போம். காபனுக்கு நாலு, நைதரசனுக்கு ஐந்து, ஒட்சிசனுக்கு ஆறு. இரண்டு அணுக்களுக்கு நடுவே இரண்டு புள்ளி வந்தால் அது ஒரு பிணைப்பு. பங்கு போடாமல் ஓரமாக நிற்கும் இரண்டு புள்ளி தனிச்சோடி. பொதுவாக ஒவ்வோர் அணுவையும் சுற்றி எட்டு வர வேண்டும். ஐதரசனுக்கு மட்டும் இரண்டு போதும். எத்தனை புள்ளியோடு தொடங்கினோமோ அத்தனை புள்ளியோடு முடிக்க வேண்டும். பிள்ளைகள் சறுக்குவது அந்த இடத்தில்தான். எட்டு வரவேண்டுமே என்ற அவசரத்தில் எங்கிருந்தோ இரண்டு புள்ளியைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

நல்லரெத்தினம் சேர் பிழைக்குப் புள்ளடி போடமாட்டார். படத்தின் பக்கத்தில் ஓர் எண்ணை மட்டும் எழுதுவார். அது அந்தப் படத்தில் இருக்கும் புள்ளிகளின் தொகை. மிச்சத்தை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுத் தொட்டு எண்ணுவார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். எண்ணி முடிந்ததும் தாளில் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக் கேட்டால் சரி என்று அர்த்தம். கேட்காவிட்டால் நாங்கள் முதலிலிருந்து தொடங்குவோம்.

என் முதலாவது கருத்தரங்கில் காபனோரொட்சைட்டைக் கரும்பலகையில் கீறினேன். காபனுக்கு நாலு, ஒட்சிசனுக்கு ஆறு, மொத்தம் பத்து. எதிரே முப்பது ஆசிரியர்கள் இருந்த பயத்தில் பன்னிரண்டு வைத்துவிட்டேன். சேர் பின்வரிசை வாங்கிலிலிருந்து எழுந்து வந்தார். பலகைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டார். பன்னிரண்டாவதைத் தொட்ட விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"எத்தினை, சுகந்தி?"

"பன்ரெண்டு சேர்."

"எங்கயிருந்து வந்த?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அந்த இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் கேட்டார். முப்பது பேர் முன்னால் அழித்து மறுபடி வைத்தேன். அதன்பிறகு நான் ஒரு புள்ளியையும் எண்ணாமல் வைத்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நகரத்திலுள்ள ஆசிரியர் வள நிலையத்தில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். திங்கட்கிழமை பெரிய கருத்தரங்கு. அதற்கு றோனியோ மெஷினில் அடித்த தாள்களை நான் அடுக்கிக்கொண்டிருந்தேன். சேர் ஒரு பழுதான தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் எதையோ கீறினார்.

"இங்க பாருங்க. புதுசா ஒண்டு யோசிச்சிருக்கன்."

தாளின் இடது கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதன் வலப்பக்கக் கோட்டில் ஓர் இடைவெளி. கட்டத்துக்குள் வரிசைக்கு எட்டாகப் புள்ளிகள்.

"இது மாட்டுப்பட்டி. இது வாசல். முதல்ல எல்லாத்தையும் பட்டிக்குள்ள எண்ணி அடைக்கணும். மறுகா ஒவ்வொண்டா வெளியில விடணும். ஒண்டு வெளியில போனா உள்ளுக்க அதை வெட்டணும். பட்டி வெறுமையாகினா வேலை முடிஞ்ச. இல்லாத மாடு எப்பிடி வெளியில வரும்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. "திங்கக்கிழமை எல்லாருக்கும் காட்டுவம். அதுக்கு முதல் ஒருத்தருக்கும் சொல்லாதீங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நகரத்தை ஒட்டிய வாவிக்கு மேற்கே இருந்த தன் தாயைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் இருவரையும் இறக்கினார்களாம். அவருடைய பையை மட்டும் பஸ்ஸில் வந்த ஒருவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அது அப்படியான காலம். யார் இறக்கியது என்பதற்கே மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள்.

திங்கட்கிழமை நாற்பது ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்திருந்தோம். பதினொரு மணிவரைக்கும் யாரும் எழும்பவில்லை. சேர் பட்டி கீறிய தாளை நான் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். கடல் வந்த வருடம் வீட்டோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. பட்டியை நான் ஒருபோதும் படிப்பிக்கவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. முதலில் அவர் வந்து சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது.

வருடங்கள் போயின. போர் முடிந்தது. நானே பாட ஆலோசகரானேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் வலய முன்னோடிப் பரீட்சையின் விடைத்தாள்களை நகரப் பாடசாலை மண்டபம் ஒன்றில் திருத்திக்கொண்டிருந்தோம். ஒருவர் சிவப்பு மையில் பரீட்சைப் புள்ளி போடுவார், பக்கத்தில் இருப்பவர் பச்சை மையில் சரிபார்ப்பார். எனக்குப் பக்கத்தில் காத்தான்குடி நஸ்ரின் மிஸ் இருந்தார். என் பங்குக்கு வந்தது பிணைப்பு வினா: நைத்திரிக்கமிலத்தின் புள்ளி வரைபடம். மொத்தம் இருபத்துநாலு.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து திருத்திய நாலாவதோ ஐந்தாவதோ தாள் அது. படம் சரி. புள்ளிகள் சரி. பரீட்சைப் புள்ளி போடப் பேனையை எடுத்தபோது கண் கீழே போனது.

இடது கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம். வலப்பக்கக் கோட்டில் ஓர் இடைவெளி. உள்ளே வரிசைக்கு எட்டாக மூன்று வரிசை. இருபத்துநாலு புள்ளிகளும் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருந்தன.

மின்விசிறிச் சத்தம் நின்றுபோனது போல இருந்தது. மேலே பார்த்தேன், அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"என்ன மிஸ், பேயடிச்சாப்போல இரிக்கீங்க?" என்று நஸ்ரின் கேட்டார்.

தாளைக் காட்டினேன். "இந்தக் கட்டத்தை எங்கயாவது கண்டிருக்கீங்களா?"

குனிந்து பார்த்தார். "இல்லையே. ஏதாச்சும் டியூசன்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க. நல்லாத்தான் இரிக்கு."

அதே பாடசாலையின் மற்றத் தாள்களை எல்லாம் புரட்டினேன். டியூசனில் சொல்லிக் கொடுத்திருந்தால் நாலைந்து பேராவது அப்படிச் செய்திருக்க வேண்டும். வேறு எதிலும் கட்டம் இல்லை. அந்த ஒரு பிள்ளை மட்டும்தான். நான் முழுப் புள்ளியையும் போட்டேன். நஸ்ரின் பச்சை மையில் அதைச் சரிபார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போய் நானே எனக்கு ஒரு பட்டியைக் கீறிப் பார்த்தேன். இது என் ஞாபகம்தானா, அல்லது அந்தத் தாளைப் பார்த்தபின் நான் உண்டாக்கிக்கொண்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. சாட்சிக்கு இருந்த தாளும் கடலோடு போய்விட்டதே. இரண்டு நாள் அப்படிக் குழம்பினேன். மூன்றாம் நாள் பெரியகல்லாற்றுக்குப் பஸ் எடுத்தேன். அந்தத் தாள் அங்குள்ள பாடசாலையிலிருந்து வந்தது. வகுப்புப் பார்க்கப் போவது என் வேலைதான், ஆனால் அன்று நான் வகுப்புப் பார்க்கப் போகவில்லை.

அந்தத் தாளில் இருந்த பரீட்சைச் சுட்டெண்ணுக்குரிய பிள்ளையின் பெயர் லோஜினி. மெலிந்த பிள்ளை. ஆய்வுகூட வாங்கிலில் எனக்கு எதிரே உட்காரவைத்து, ஒரு தாளைக் கொடுத்து, அந்தக் கட்டத்தைக் கீறச் சொன்னேன். உடனே கீறினாள். வாசலையும் மறக்காமல் விட்டாள்.

"இதை ஆர் புள்ள சொல்லித் தந்த?"

அவள் தாளை மடிக்கத் தொடங்கினாள்.

"உங்கட மிஸ்ஸா?"

"இல்ல மிஸ். அப்பா."

"அப்பா என்ன வேலை?"

"வாவியில மீன் புடிக்கிற." மடித்த தாளைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பாக்கு எழுத வாசிக்கத் தெரியா மிஸ்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. உயர்தரம் தொடங்கிய புதிதில் அவள் நிலத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாளாம். பின்னால் வந்து நின்ற தகப்பன் கொப்பியை வெகுநேரம் பார்த்தாராம். 'நீ எண்ணாம வைக்கிறாய்' என்றாராம். அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். அவர் அவள் பக்கத்தில் குந்தி, தண்ணீர்க் கோப்பையில் விரலைத் தொட்டு, சீமெந்து நிலத்தில் ஒரு கட்டம் கீறி, புள்ளி புள்ளியாக வைத்தாராம். எண்ணும்போது அவருடைய உதடு அசைந்ததாம்.

"எண்ணி முடிய நிலத்தில ரெண்டு தட்டுத் தட்டினவரு மிஸ். எனக்குப் பயமாப் போயிட்டு. அது அப்பா மாதிரியே இல்ல."

அவள் மடித்த தாளை விரித்து அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பார்த்தேன்.

"அம்மா சொல்லுவாங்க, கலியாணம் முடிச்ச காலத்திலயே சாப்பிடக்குள்ள தண்ணியால புள்ளி வைப்பாராம். ஏதோ பிடிச்சிரிக்கெண்டு பூசாரியிட்டக் கொண்டுபோய்க் கட்டும் கட்டினவங்களாம். நிக்கல்ல. நான் சொன்னனெண்டு சொல்லிராதீங்க மிஸ்."

அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாவியைப் பார்த்த சின்னக் கல்வீடு. வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. லோஜினியின் தகப்பன் சாமித்தம்பி வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கிய ஆள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று தொடங்கினேன். சந்தோசப்பட்டார். அவருடைய மனைவி யோகம் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். பிறகு நான் பட்டியைப் பற்றிக் கேட்டேன்.

ஊசி நின்றது. "எனக்கு அதெல்லாம் தெரியா டீச்சர். நான் படிக்காத ஆள்."

"எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் நல்லரெத்தினம் சேர். அவர் காணாமப் போய் இத்தினை வருசம். அவர் அதை என்னைத் தவிர ஒருத்தருக்கும் காட்டல்ல."

"அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியா," என்றார். குரலில் பொய் இல்லை. ஆனால் முகம் சாம்பல் பூத்திருந்தது. யோகம் என்னைப் பார்த்துப் போய்விடுமாறு தலையை அசைத்தார். எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது என்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு எப்படியோ பிழைத்து வந்திருக்கிறான். நான் போய்த் தட்டியிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கேற்றைத் திறந்தால் சாமித்தம்பி நிற்கிறார். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். கையில் ஒரு பையில் மீன். உள்ளே வரச் சொன்னேன். கதிரையில் இருக்கமாட்டேன் என்று நிலத்தில் இருந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. கோப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் பேர் நல்லரெத்தினமா?" என்று கேட்டார்.

"ஓம்."

"எனக்குப் பேர் தெரியா டீச்சர். நாங்க சேர் எண்டுதான் சொல்ற. அங்க ஒருத்தரும் ஒருத்தருக்கும் பேர் சொல்றல்ல. சொன்னா, மறுகா அவங்க கேக்கக்குள்ள வாயில வந்திரும்."

பிறகு சொன்னார்.

"வலை வைக்கப் போன இடத்தில என்னைப் புடிச்ச. அப்ப எனக்கு இருவது வயசு. கண்ணைக் கட்டித்தான் கொண்டு போன. எந்த இடமெண்டு இண்டைக்கும் தெரியா. பழைய நெல்லு ஸ்டோர் மாதிரி. உமி மணக்கும். சீமெந்து நிலம். பதினாறு பேர் கிடந்தம். அவரு எனக்குப் பக்கத்தில. ஒரு நாளைக்கு ஒரு கோப்பை தண்ணி தருவாங்க. அதில விரலைத் தொட்டுத் தொட்டு இவரு நிலத்தில புள்ளி வைப்பாரு. ஆளுக்கு விசர் புடிச்சிட்டெண்டு நான் நினைச்ச. குடிக்கிற தண்ணியை இப்பிடி நிலத்தில வைக்கிறாரே எண்டு எனக்குக் கோவம். கேட்டன். 'இதை எண்ணாட்டி எனக்கு நாள் பிழைச்சிரும் தம்பி' எண்டாரு."

"உங்களுக்குப் படிப்பிச்சாரா?"

"படிப்பிச்செண்டு இல்ல. அவருக்கு அது தேவைப்பட்ட. நான் பக்கத்தில கிடந்த. எங்கட அப்பா மாடு பாத்தவரு. பட்டி எண்டு சொன்னவுடன எனக்கு விளங்கிட்டு. அந்த எழுத்து என்னத்துக்கு எண்டு தெரியா. வட்டமா இரிக்கிறதுக்கு ஆறு, கொம்பு மாதிரி இரிக்கிறதுக்கு அஞ்சு. வைக்கக்குள்ள கெதியா வைக்கணும் டீச்சர். முதல் வச்சது காஞ்சு போகும். காஞ்சதையும் ஞாபகத்தில வச்சு எண்ணணும். அவரு பிழைக்கவே மாட்டாரு."

சொல்லிக்கொண்டே அவருடைய சுட்டுவிரல் கோப்பைக்குள் போய் வந்தது. அவருக்கே தெரியாமல் என் வீட்டு நிலத்தில் ஒரு கட்டம் விழுந்தது. வாசல், வரிசைக்கு எட்டு. அந்த விரல் புள்ளியைத் தொட்ட விதம், தொட்டுவிட்டு அரைநொடி நின்ற விதம், உதட்டின் அசைவு எல்லாவற்றையும் நான் முன்னர் பார்த்திருக்கிறேன். சாமித்தம்பியின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தால், என் எதிரில் யார் இருக்கிறார் என்று என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு தட்டுக் கேட்டது.

"மூணு மாசம் போல கிடந்தம். ஒரு நாள் விடிய அவரைக் கூப்பிட்ட. போனாரு. அவ்வளவுதான். அதுக்குப் புறகு ஒரு கிழமையில என்னை ரோட்டில கொண்டுவந்து விட்டாங்க. வாய் துறந்தா வீட்டோட கொளுத்துவம் எண்டாங்க. நான் துறக்கல்ல. ஆனா இது..." தன் விரலைத் தூக்கிப் பார்த்தார். "இது எனக்கு அடங்கல்ல."

சேரின் மனைவி பரமேஸ்வரி அக்கா அப்போதும் கல்லடியில் அதே வீட்டில்தான் இருந்தார். ஆரம்பத்தில் ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு அரச கந்தோராக ஏறி இறங்கியவர். பிறகு ஒரு நாள் போவதை நிறுத்திவிட்டார். இறந்துவிட்டார் என்று எழுதித் தந்தால் சான்றிதழ் தருவோம் என்றார்கள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அவரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் ஒரு கிழமை யோசித்தேன். சொல்லி, அவர் மறுபடி கந்தோர்களுக்கு நடக்கத் தொடங்கினால்? சொல்லாமல் விட்டு, நாளைக்கு அவருக்கு ஏதும் நடந்துவிட்டால்? கடைசியில் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை.

"அந்த ஆளைக் கூட்டி வா, சுகந்தி," என்றார்.

சாமித்தம்பி வந்தார். கூட லோஜினியும் வந்தாள். அன்றுதான் அந்தப் பிள்ளை முழுக்கதையையும் முதன்முதலாகக் கேட்டது. பரமேஸ்வரி அக்கா நிலத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் காதில் இருக்கின்றன.

"கண்ணாடி போட்டிருந்தாரா?"

"இல்லக்கா. உடைஞ்சிட்டு."

"கண்ணாடி இல்லாட்டி அவருக்கு ஒண்டும் தெரியாதே. எப்பிடி எண்ணின?"

"தொட்டுத் தொட்டு. ஈரம் கையில படும்."

"சாப்பிட்டாரா?"

"குடுத்தாச் சாப்பிடுவாரு. எனக்கும் தருவாரு."

"கடைசியா என்ன சொன்னவரு?"

சாமித்தம்பி நிலத்தைப் பார்த்தார். என் வீட்டில் சொல்லாத ஒன்று அவரிடம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர் கேட்டார். லோஜினி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நிலத்தில் பட்டியைக் கீறினார். மேல்வரிசையில் எட்டு. கீழே மூன்று. பக்கத்தில் இரண்டு எழுத்து, கொம்பு மாதிரி ஒன்று, வட்டமாக ஒன்று.

"அண்டைக்கு விடிய இதை வச்சாரு. பதினொண்டு. 'இண்டைக்கு நீ வை, நான் வந்து பாக்கிறன்' எண்டாரு. அப்பதான் கூப்பிட்ட."

முதலாவது புள்ளியின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது.

"நான் வச்சன். ஒண்டு மிஞ்சுது. அழிச்சு மறுகா வச்சன். அப்பவும் ஒண்டு மிஞ்சுது. எங்க வச்சாலும் சோடி சேருதில்ல. அவரு வாறதுக்குள்ள சரியா வைக்கணுமெண்டு இரிக்கன். அந்தப் பட்டி காயக் காயத் தண்ணி தொட்டு வச்சுக்கிட்டே இருந்த. காஞ்சா அவரு வர மாட்டாரெண்டு ஒரு எண்ணம் வந்திட்டு எனக்கு. அண்டைக்கு நான் தண்ணி குடிக்கல்ல. பின்னேரம் கோப்பை முடிஞ்சுது. காஞ்சு போச்சுது." அவர் விரல் பதினோராவது புள்ளியில் நின்றது. "நான் பிழையா எண்ணிட்டன் டீச்சர். இத்தினை வருசமா வச்சுப் பாக்கிறன். எப்பயும் ஒண்டு மிஞ்சுது."

நைதரசனுக்கு ஐந்து, ஒட்சிசனுக்கு ஆறு. கொம்பு N, வட்டம் O: நைத்திரிக்கொட்சைட்டு. வகுப்பில் நான் நூறு தடவை கீறியிருக்கிறேன்.

"நீங்க பிழைக்கல்ல," என்றேன். "அது பதினொண்டுதான். ஒற்றை எண். எப்பிடி வச்சாலும் ஒண்டு தனிச்சுத்தான் நிக்கும். நடுவில நாலு, வட்டத்துக்கு வெளியில நாலு, கொம்புக்கு வெளியில ரெண்டு, மிஞ்சினதையும் கொம்புக்குப் பக்கத்தில விடுங்க. அதுக்குச் சோடி இல்ல. அதுதான் சரியான விடை."

வைத்தார். கடைசிப் புள்ளியைக் கொம்பின் தலைக்கு மேலே தனியாக வைத்தார்.

"இப்பிடியா?"

"ஓம். இப்பிடித்தான்."

"நான் அண்டைக்கும் இப்பிடித்தான் வச்ச," என்றார். இரண்டு உள்ளங்கைகளையும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்தார். லோஜினி தகப்பனின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமா, ஒண்டு மிஞ்சுமெண்டு?" பரமேஸ்வரி அக்கா என்னைக் கேட்டார்.

"தெரியும் அக்கா. தெரிஞ்சுதான் குடுத்திருப்பார்."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். எல்லோருக்கும் சோறு போட்டார். சாமித்தம்பிக்குத் தன் கையாலேயே பரிமாறினார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணாமற்போனவர்களைப் பற்றி முறைப்பாடு எழுதும் ஒரு கந்தோருக்குச் சாமித்தம்பி தானாகவே வந்தார். பயந்துகொண்டுதான் வந்தார். எந்த இடம் என்று கேட்டார்கள், தெரியாது. எந்தத் திகதி, தெரியாது. கூட இருந்தவர்களின் பெயர், தெரியாது. என்னதான் தெரியும் என்று கேட்டதற்கு, அவர் எண்ணும் விதம் தெரியும் என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அதை எந்தப் பகுதியில் நிரப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு வரி எழுதி, சாமித்தம்பியின் பெருவிரல் அடையாளத்தை எடுத்துக்கொண்டார். இன்றுவரை பதில் வரவில்லை. லோஜினி விஞ்ஞான பீடத்துக்குப் போய்ப் படித்து இப்போது வேலை செய்கிறாள். சாமித்தம்பி சாப்பிடும்போது புள்ளி வைப்பதில்லை என்று யோகம் சொன்னார். கல்லடியிலிருந்து வந்த நாளோடு நின்றுவிட்டதாம்.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதைப் பரமேஸ்வரி அக்காவிடம் சொல்லத்தான் ஒரு நாள் காலை பத்து மணிபோலக் கல்லடிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போனேன்.

அக்கா விறாந்தை நிலத்தில், வெயில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர். நிலத்தில் வாசல் வைத்த ஒரு கட்டம், உள்ளே எட்டும் மூன்றும். அக்கா இரசாயனவியல் படித்தவரல்ல. அந்த எழுத்துகளின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. புள்ளிகள் சீராக, ஒரே அளவில் இருந்தன. அவற்றை வெளியே விடவில்லை. காய்ந்துவரும் புள்ளியைப் பார்த்து விரலைத் தண்ணீரில் தொட்டு, அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது. உதடு அசைந்தது.

எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தேன். கோப்பையில் பாதிக்கும் குறைவாகத்தான் இருந்தது.

"வா சுகந்தி," என்றார், தலையை நிமிர்த்தாமல். "அந்தப் பக்கத்தைப் பாரு. எனக்கு அவ்வளவு தூரம் எட்டுதில்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். கீழ்வரிசையில் கடைசிப் புள்ளி ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு அதை நனைத்தேன்.